குடத்துக்குள் இருக்கும் விளக்கு குன்றேறுமா?

அமெரிக்கத் தேர்தல் பேச்சு வந்தாலே நண்பர் ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "டிவியில் அதிகம் தலைகாட்டாமல், யாரோடும் சண்டைக்குப் போகாமல், கமிட்டி வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு செனட்டர் அதிபர் தேர்தலில் இறங்கினால் தேறுவாரா? இல்லை, அது பிரபலங்களுக்கு மட்டுமேயான ஆட்டமா?"

தேறலாம். ஆனால் அவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை என்பதைப் பொறுத்தது அது. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால் தெரியாதவர் ஒரு ரகம். பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே இருந்தும் தெரியாதவர் வேறு ரகம். முதலாமவருக்கு அது மூலதனம். இரண்டாமவரைப் பற்றி நாடு ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல கொலராடோ மாநிலத்தின் ஒரே ஒரு நாற்காலி போதும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள், ஆறு வருடப் பதவி. நம் மாநிலங்களவை போல எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதில்லை, 1913இல் வந்த 17ஆவது திருத்தத்திலிருந்து மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். கொலராடோவின் இரண்டு இடங்களில் ஒன்றில் 1975 முதல் 1987 வரை உட்கார்ந்திருந்தவர் கேரி ஹார்ட். அதே இடத்துக்கு 2009இல் வந்தவர் மைக்கேல் பென்னெட். இருவரும் அதிபர் வேட்பாளராக முயன்றார்கள். இறங்கியபோது இருவர் பெயரையும் கொலராடோவுக்கு வெளியே பெரும்பாலானோர் அறிந்திருக்கவில்லை. ஹார்ட் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் (கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக நடக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பு) ஜெயித்தார். பென்னெட் அதே நியூ ஹாம்ப்ஷயரில் அரை சதவீதம்கூட வாங்கவில்லை. நடுவில் 36 வருடம்.

ஹார்ட் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1984இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல்தான் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். தொழிற்சங்கங்கள், கட்சிப் பெரியவர்கள், பணம், எல்லாம் அவர் பக்கம். அவருக்கு மாற்று என்று பேசப்பட்டவர் ஒஹாயோ செனட்டர் ஜான் க்ளென். 1962இல் விண்வெளிக்குப் போய் பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கர். நாட்டில் அவரைத் தெரியாத குழந்தை இல்லை. ஹார்ட்டோ கருத்துக்கணிப்புகளில் ஒற்றை இலக்கத்தின் அடியில் கிடந்தார்.

பிப்ரவரி 20 அன்று அயோவா காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் நேரில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். மாண்டேலுக்குக் கிட்டத்தட்ட 49 சதவீதம். ஹார்ட்டுக்கு 16.5. மூன்றில் ஒரு பங்குதான்! ஆனாலும் இரண்டாம் இடம். விண்வெளி வீரர் க்ளென்னுக்கு 4 சதவீதம்கூட வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து பத்திரிகைகளுக்கு மாண்டேலின் வெற்றி செய்தியாகவே படவில்லை, அது எதிர்பார்த்தது. 'யார் இந்த ஹார்ட்?' என்பதுதான் செய்தி. அடுத்த எட்டு நாளும் அவர் முகம்தான் டிவியில். நியூ ஹாம்ப்ஷயரில் மரம்வெட்டிகள் போட்டி ஒன்றில் கோடாரியை எறிந்து இலக்கில் குத்த வைத்தார். கேமரா அதையும் பிடித்தது. பிப்ரவரி 28 அன்று 37க்கு 28 என்று மாண்டேலைத் தோற்கடித்தார்.

இது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. 1972இல் ஜார்ஜ் மெக்கவர்னின் பிரச்சாரத்தை நடத்திய மேலாளரே இந்த ஹார்ட்தான். மெக்கவர்னும் சின்ன மாநிலமான தெற்கு டகோட்டாவின் செனட்டர். 1968இல் சிகாகோ மாநாட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் திருத்த கட்சி ஒரு குழு போட்டது. அதற்கு முதலில் தலைமை தாங்கியவர் மெக்கவர்ன். அதுவரை கட்சித் தலைவர்கள் மூடிய அறையில் முடிவு செய்ததை, புது விதிகள் பிரைமரியில் வாக்களிக்கும் சாதாரணக் கட்சிக்காரர்களிடம் ஒப்படைத்தன. விதியை எழுதியவருக்கு அதில் சந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகுமா? 1972இல் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கியைத் தாண்டி வேட்பாளரானார். (நவம்பரில் 49 மாநிலங்களை இழந்தார். அது வேறு கதை. ஆனால் 'தேறுவாரா' என்ற கேள்விக்குள் இந்தக் கதையும் ஒளிந்திருக்கிறது: கட்சிக்குள் தேறுவது ஒன்று, நாட்டில் தேறுவது வேறு.)

1976இல் ஜிம்மி கார்ட்டர் அதே சந்தில் நுழைந்து வெள்ளை மாளிகை வரை போனார். அவர் செனட்டர் அல்ல, ஜார்ஜியாவின் ஒரு தவணை ஆளுநர். 'ஜிம்மி யாரு?' என்பதே பத்திரிகைத் தலைப்பாக இருந்தது. அயோவாவில் அவர் உண்மையில் முதலிடம்கூட வரவில்லை. 'இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை' என்றவர்கள் 37 சதவீதம், கார்ட்டர் சுமார் 28. ஆனால் மனிதர்களில் முதலிடம் அவருக்குத்தான். ஒரு சின்ன மாநிலத்தில் வீடு வீடாகக் கைகொடுத்து, எதிர்பார்ப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, அதனால் வரும் செய்தியையும் பணத்தையும் வைத்து அடுத்த மாநிலத்துக்குத் தாவுவது: தெரியாத வேட்பாளருக்கு இருந்த ஏணி இதுதான். 1974க்குப் பிந்தைய சட்டம் இதற்குக் கைகொடுத்தது. இருபது மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் டாலர் சிறு நன்கொடையாகத் திரட்டினால், ஒவ்வொருவர் கொடுப்பதிலும் 250 டாலர் வரைக்கும் அரசு சமமாகப் போட்டுக் கொடுத்தது.

'தேறுவது' என்ற சொல்லுக்கே அயோவாவில் ஒரு துல்லியமான பொருள் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜனநாயகக் கட்சியின் காக்கஸ் என்பது வாக்குச்சாவடி இல்லை. 2020 வரை, குளிர்கால இரவில் பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலயத்திலோ கூடி, இந்த வேட்பாளருக்கு இந்த மூலை, அந்த வேட்பாளருக்கு அந்த மூலை என்று பிரிந்து நிற்பார்கள். பெரும்பாலான இடங்களில் வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை 'தேறவில்லை' என்று அறிவிக்கப்படும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். இன்றைக்கும் ஜனநாயகக் கட்சியின் எல்லாப் பிரைமரிகளிலும் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்கினால், வேட்பாளரை இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் அவருக்குப் பிரதிநிதிகள் கிடையாது. நம் ஊரில் டெபாசிட்டைக் காப்பாற்ற ஆறில் ஒரு பங்கு வேண்டும்; ஏறக்குறைய அதே கோடு. அதனால் பத்து சதவீதம் வாங்கும் கௌரவமான வேட்பாளருக்கும் ஒரு சதவீதம் வாங்கும் வேட்பாளருக்கும் கையில் கிடைப்பது ஒன்றுதான்: பூஜ்யம்.

இப்போது பென்னெட். டென்வர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். இடம் காலியானபோது ஆளுநர் நியமித்து செனட்டுக்கு வந்தார். பிறகு 2010, 2016 தேர்தல்களில் ஜெயித்தார். 2013இல் இரு கட்சியிலுமாக எட்டு செனட்டர்கள் சேர்ந்து எழுதிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில் அவரும் ஒருவர். செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறி, கீழவையில் செத்துப்போனது. குழந்தைகளுக்கான வரிச்சலுகையை ஏழைகளுக்கும் மாதாமாதம் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று 2017இலேயே சக செனட்டர் ஷெர்ராட் பிரவுனோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்தார். 2021இல் பைடன் ஆட்சியில் ஒரு வருடத்துக்கு அது ஏறக்குறைய அப்படியே நடந்தது. விஷயமறிந்தவர், மரியாதையானவர், உழைப்பாளி. பத்து வருடம் இப்படி இருந்தவரை நாடு முதல்முறையாகக் கவனித்தது 2019 ஜனவரியில், அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்த நேரத்தில், குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸைப் பார்த்து செனட்டில் அவர் கத்தியபோது. அந்த வீடியோதான் ஊரெல்லாம் ஓடியது. சாதுவான மனிதர் ஒரே ஒரு நாள் பொறுமையிழந்தார். அந்த ஒரு நாளுக்காகப் பெயர் வாங்கினார். இதில் எனக்கு இன்றும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

2019 மே மாதம் களத்தில் இறங்கினார். அதற்குள் இருபது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பதவியில் இருக்கும் செனட்டர்கள் மட்டுமே ஏழு பேர்: சாண்டர்ஸ், வாரன், ஹாரிஸ், புக்கர், க்ளோபுச்சார், ஜில்லிப்ராண்ட், பென்னெட். கட்சி அந்த வருடம் விவாத மேடைக்கு ஒரு வாசற்படி வைத்தது. முதல் விவாதங்களுக்கு 65,000 நன்கொடையாளர்கள் அல்லது மூன்று கருத்துக்கணிப்புகளில் ஒரு சதவீதம். செப்டம்பர் விவாதத்துக்கு 1,30,000 நன்கொடையாளர்கள், கூடவே நான்கு கணிப்புகளில் இரண்டு சதவீதம். ஒன்று இருந்தால் போதாது, இரண்டும் வேண்டும். பென்னெட் முதல் இரண்டு மேடைகளில் நின்றார். மூன்றாவதில் இல்லை.

ஹார்ட்டின் ஏணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முன்பு சின்ன மாநிலத்தில் உழைத்தால் பெயர் கிடைக்கும். இப்போது பெயர் இருந்தால்தான் சின்ன மாநிலத்தில் உங்கள் உழைப்பை யாராவது கவனிப்பார்கள். ஏணி தலைகீழாகிவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் ஐம்பது கூட்டங்கள் நடத்துவேன் என்றார் பென்னெட். பில் கிளிண்டனின் பழைய தேர்தல் தளபதி ஜேம்ஸ் கார்வில் வந்து அவருக்காகப் பேசினார். கடைசியில் 2020 ஜனவரியில் டிரம்ப் மீதான செனட் விசாரணை வந்து, பிரச்சாரத்தின் முக்கியமான நாட்களில் செனட்டர்கள் எல்லோரும் வாஷிங்டனில் வாய் திறக்காமல் உட்கார வேண்டியதாயிற்று. நியூ ஹாம்ப்ஷயர் வாக்கெடுப்பு நடந்த பிப்ரவரி 11 இரவே விலகிக்கொண்டார்.

'அப்படியானால் ஏணியே இல்லை என்கிறீர்களா?' என்றால், அதுவும் இல்லை. அதே 2019இல் சவுத் பெண்ட் என்ற நடுத்தர நகரத்தின் மேயர் பீட் பூட்டிஜெஜ் என்ன செய்தார்? மார்ச் மாதத்தில் சிஎன்என் நடத்திய ஒரு மணி நேரக் கேள்வி பதில் நிகழ்ச்சியில் தெளிவாகப் பேசினார். சில நாட்களில் 65,000 நன்கொடையாளர் வரம்பைத் தாண்டினார். அடுத்த பிப்ரவரியில் அயோவாவில், களத்தில் மிச்சமிருந்த எல்லா செனட்டர்களையும்விட அதிகப் பிரதிநிதிகளை எடுத்துக்கொண்டு போனார். ஏமி க்ளோபுச்சார் நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில் ஒரே ஒரு இரவு நன்றாகப் பேசி, கிட்டத்தட்ட 20 சதவீதத்துடன் மூன்றாம் இடம் வந்தார். மேடை கிடைத்ததால் நடந்தது அது. சாண்டர்ஸ் இன்னும் பெரிய உதாரணம். ஆறு லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள வெர்மான்ட்டின் செனட்டர். 2015இல் இறங்கியபோது ஒற்றை இலக்கம். 2016இல் ஹிலாரி கிளிண்டனை 22 மாநிலங்களில் வென்றார். 1991 முதல் காங்கிரஸில் இருந்த மனிதர்! நான் மேலே சொன்ன 'வெகுநாள் இருந்தும் தெரியாதவர்' கணக்குக்கு அவர் எதிர்வாதம்தான். ஆனால் அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட கொஞ்சம் பேரிடம் 'அவர் என்ன சொல்கிறார்?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்கள். பென்னெட்டைப் பற்றி அப்படிக் கேட்டிருந்தால்?

அதனால் புதியவரா பழையவரா என்பதோடு, அவருக்கென்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒபாமாவைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு முடியாது. ஆனால் அவரை 'அறியப்படாத செனட்டர்' என்பது தவறு. 2004 ஜூலையில் பாஸ்டன் மாநாட்டில் பேசிய அந்த ஒரு இரவிலிருந்தே நாடு அவரை அறிந்திருந்தது. அப்போது அவர் செனட்டர்கூட இல்லை. 2007 பிப்ரவரியில் போட்டியை அறிவித்தபோது செனட்டில் இரண்டு வருடம் முடித்திருந்தார். புதியவர், தெரிந்தவர், 2002இலேயே ஈராக் போரை எதிர்த்துப் பேசியவர்: மூன்றும் சேர்ந்த கலவை. 2008 ஜனவரியில் அயோவாவில் அவர் ஜெயித்த அதே இரவு இரண்டு பழைய செனட்டர்கள் விலகினார்கள். கிறிஸ் டாட் 1981 முதல் செனட்டில் இருந்தவர். குடும்பத்தையே அயோவாவுக்குக் குடிபெயர்த்து, மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். ஒரு சதவீதம்கூட வரவில்லை. இன்னொருவர் 1973 முதல் செனட்டில் இருந்த டெலவேர்க்காரர். அவருக்குச் சுமார் ஒரு சதவீதம். ஜோ பைடன் என்று பெயர்.

குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். ரிச்சர்ட் லூகர், இந்தியானா. உடைந்த சோவியத் யூனியனின் அணு ஆயுதங்களை அழிக்க ஜார்ஜியா செனட்டர் சாம் நன்னோடு சேர்ந்து 1991இல் சட்டம் கொண்டுவந்தவர். 1996 தேர்தலுக்கான தன் போட்டியை அவர் அறிவித்த நாள் 1995 ஏப்ரல் 19. அன்றுதான் ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு. பாவம், நாளும் கைகொடுக்கவில்லை. ரிக் சாண்டோரம் 2006இல் தன் செனட் இடத்தையே பறிகொடுத்தவர். 2012இல் அயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போனார். தேர்தல் இரவில் மிட் ராம்னி எட்டு வாக்கில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் சாண்டோரம்தான் 34 வாக்கு முன்னிலை! ஆனால் கார்ட்டருக்கும் ஹார்ட்டுக்கும் கிடைத்த அந்த 'மறுநாள் காலை' அவருக்குக் கிடைக்கவில்லை. காக்கஸில் கிடைக்கும் பரிசே அந்த மறுநாள் காலைதான்.

பதவியில் இருக்கும்போதே செனட்டிலிருந்து நேரடியாக அதிபரானவர்கள் மூன்றே பேர்: 1920இல் ஹார்டிங், 1960இல் கென்னடி, 2008இல் ஒபாமா. இதில் உங்கள் கேள்விக்குச் சரியாகப் பொருந்துபவர் வாரன் ஹார்டிங் மட்டும்தான். ஒஹாயோவில் மேரியன் என்ற ஊரில் பத்திரிகை நடத்தியவர். செனட்டில் பெரிதாக எதையும் செய்யாதவர். குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டின் முதல் சுற்றில் அவருக்கு வந்தது 65½ வாக்கு. பெரிய தலைகள் ஒருவரையொருவர் அடைத்துக்கொண்டு நின்றதால், யாருக்கும் விரோதியில்லாத இவர் பத்தாவது சுற்றில் வேட்பாளரானார். புகை மண்டிய ஹோட்டல் அறையில் முடிவானது என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. நவம்பரில் 60 சதவீதம் வாங்கினார். 'யாருக்கும் விரோதியில்லை' என்பது அன்று தகுதி. பிரைமரி யுகத்தில் யாருக்கும் விரோதியில்லாதவருக்குத் தீவிரமான நண்பர்களும் இருப்பதில்லை. ஹார்டிங் நுழைந்த கதவைச் சுவர் வைத்து அடைத்தாயிற்று.

செனட்டர் என்பதாலேயே வரும் ஒரு சுமையும் உண்டு. ஒரே மசோதாவின் இரண்டு வடிவங்களுக்கு இரண்டு விதமாக வாக்களிப்பது அங்கே அன்றாடம். வெளியே அதை விளக்கப் போனால் 2004இல் ஜான் கெர்ரிக்கு ஆனதுதான் ஆகும்: 87 பில்லியன் டாலர் போர்ச் செலவுக்கு எதிராக வாக்களிக்கும் முன் ஆதரவாக வாக்களித்தேன் என்று சொல்லிவிட்டு, தேர்தல் முடியும்வரை அதிலிருந்து மீளவே முடியவில்லை. பதிலுக்கு ஒரு வசதி: பதவி ஆறு வருடம் என்பதால் பல சமயம் நாற்காலியைப் பணயம் வைக்காமலே அதிபர் பதவிக்கு முயலலாம். ஹார்ட்டுக்கு 1984, பென்னெட்டுக்கு 2020, இரண்டுமே அப்படிப்பட்ட வருடங்கள். கென்டக்கியின் ராண்ட் பாலுக்கு 2016இல் அந்த யோகமில்லை. ஒரே வாக்குச்சீட்டில் ஒருவர் பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்று மாநிலச் சட்டம். கட்சியைச் சம்மதிக்க வைத்து, பிரைமரிக்குப் பதில் தனியாக ஒரு காக்கஸ் நடத்த ஏற்பாடு செய்தார். அந்த காக்கஸ் நடக்கும் முன்பே போட்டியிலிருந்து விலகியும் விட்டார்.

அமைதியான செனட்டருக்கு உண்மையில் திறந்திருக்கும் வழி பக்கவாட்டுக் கதவு. 1944இல் ரூஸ்வெல்ட்டின் துணை அதிபர் வேட்பாளராக வந்த ஹாரி ட்ரூமன் மிஸூரியின் செனட்டர். போர்க்கால ஒப்பந்தங்களில் நடந்த வீண்செலவைத் துருவிய கமிட்டியின் தலைவர் என்பதுதான் அவர் அடையாளம். துணை அதிபராகி 82 நாளில் ரூஸ்வெல்ட் இறந்துபோக, அதிபர். அயோவாவில் ஒரு சதவீதம் வாங்கிய பைடனை ஒபாமா அதே வருடம் துணைக்கு அழைத்தார்; பன்னிரண்டு வருடம் கழித்து தெற்கு கரோலினா பிரைமரி அவரைத் தூக்கிவிட்டது. 2019 டிசம்பரில், ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே பணமில்லாமல் விலகிய கமலா ஹாரிஸ் அடுத்த ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளர், 2024இல் அதிபர் வேட்பாளர். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்தது நினைவிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடியது பிரைமரி தொடங்கும் முன்பே விலகிப்போன ஒரு வேட்பாளரைத்தான் என்பது பலருக்கு நினைவிருக்காது.

அதனால் நாளைக்கு நீங்கள் ஒரு செனட்டரின் பெயரைச் சொல்லி 'இவர் தேறுவாரா' என்று கேட்டால், அவருடைய மசோதாக்களை நான் முதலில் பார்க்க மாட்டேன். எதிரே முன்னணியில் இருப்பவர் மீது கட்சிக்காரர்களுக்குச் சலிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அவருடைய அந்த ஒரு வாக்கியச் செய்தியை அவர் ஆதரவாளர் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிக்காட்ட முடிகிறதா என்று. அதன் பிறகு, ஜெயித்துவிட்டால் என்ன செய்வார் என்று. ஏனென்றால் ஹார்ட் தோற்றது அங்கேதான். நியூ ஹாம்ப்ஷயருக்குப் பிறகு வாரக்கணக்கில் அவரைத் தோண்டினார்கள்: குடும்பப் பெயரைச் சுருக்கியது ஏன், வயதில் ஒரு வருடம் இடிக்கிறதே ஏன் என்று. மார்ச்சில் அட்லாண்டா விவாதத்தில் மாண்டேல் ஒரு பர்கர் விளம்பரத்தின் 'இறைச்சி எங்கே?' (உள்ளே சரக்கு எங்கே?) என்ற வசனத்தை எடுத்து அவர்மேல் வீசினார். 'புதிய சிந்தனை' என்ற அவருடைய முழக்கம் அத்தோடு கேலியானது. அதையும் தாங்கிக்கொண்டு மொத்த பிரைமரி வாக்குகளில் மாண்டேலுக்கு இரண்டு சதவீதம் வித்தியாசம்வரை வந்தார். ஆனால் சில மாநிலங்களில் பிரதிநிதிகளின் பட்டியலை முழுசாகத் தாக்கல் செய்யவே ஹார்ட்டின் அலுவலகத்தில் ஆளில்லாமல் போயிருந்தது. மக்கள் அவருக்குப் போட்ட வாக்குக்கு உட்கார வைக்க ஆள் இல்லை. 2012இல் சாண்டோரம் வர்ஜீனியாவின் வாக்குச்சீட்டிலேயே இடம்பெறாமல் போனதும் இதே மாதிரிதான், போதுமான கையெழுத்து சேரவில்லை. 1984இன் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் மாண்டேலுக்கு 2,191 வாக்கு, ஹார்ட்டுக்கு 1,200½.